தராசும் தொட்டிலும்

"சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்" என்பது எம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. சமைத்த பாத்திரத்தில் உள்ளதே கரண்டியில் வரும் என்பது அதன் வெளிப்படையான பொருள். ஆயின் இதற்கு வேறொரு பொருளும் கூறுவர். 'சட்டி' என்பது சஷ்டி விரதம். 'அகப்பை' என்பது அகத்தேயுள்ள பை, அதாவது கருப்பை. எனவே சஷ்டியில் நோன்பிருந்தால் கருப்பையிற் குழந்தை வரும் என்பது அவ்விளக்கம். இது மொழியியலுக்குப் பொருந்துமா என்பது இங்கு எமது ஆராய்ச்சியன்று. ஒரு பெண் எதை உண்கிறாள், எதை உண்ணாதிருக்கிறாள் என்பதையும், அவளுக்குப் பிள்ளை பிறக்கிறதா இல்லையா என்பதையும் ஒரே கயிற்றாற் பிணைத்துப் பார்க்கும் மனப்பான்மை எமது சமுதாயத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதற்கு இவ்விளக்கம் நல்லதொரு சான்றாகும். வயிற்றினுள்ளே இரைப்பையும் உண்டு; கருப்பையும் உண்டு. இரண்டும் வெவ்வேறு உறுப்புகள் என்பதைப் பாடசாலையிற் படித்துத் தேறியவர்கள்கூட, ஒரு பெண்ணைப் பற்றிப் பேசப் புகும்போது அவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

இக்கட்டுரை என் அக்காவைப் பற்றியது. என்னிலும் பதினைந்து வயது மூத்தவள். யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவள். சமூகவியல் மாணவியாகிய நான், உடலைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் விரிவுரை மண்டபத்திற் கேட்டவற்றிலும் அதிகமாக அவளது வாழ்விலிருந்து கற்றுக்கொண்டேன். அவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது சிறிது நேரம் மௌனமாக இருந்தாள். பின்னர், "பேரை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை எழுது. என்னைப்போல எத்தினை பேர் வாய்திறக்காமல் இருக்கினம்" என்றாள். அவ்வனுமதியின் பேரிலேயே இதனை எழுதுகின்றேன்.

2013ஆம் ஆண்டில் அக்காவுக்குத் திருமணம் நடந்தபோது அவளுக்கு வயது 27. மணமாகி ஓராண்டு கழிவதற்கு முன்னரே, "என்ன பிள்ளை, விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்ற கேள்வி தொடங்கிவிட்டது. இரண்டாவது ஆண்டில் அவள் வைத்தியரை நாடினாள். சூலகங்களிற் சிறுசிறு நீர்ப்பைகள் போன்றவை திரண்டு காணப்படும் நோய்க்குறி அவளுக்கு இருப்பதாகக் கூறப்பட்டது. 1935ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரைச் சேர்ந்த ஸ்ரைன், லெவெந்தால் என்னும் இரு வைத்தியர்கள் இதனை விரிவாக எடுத்துரைத்தனர். அந்த நீர்ப்பைகள் உண்மையிற் கட்டிகளல்ல. முற்றாக வளர்ந்து முதிராமல் நின்றுபோன முட்டைகளின் உறைகளே அவை. இந்நோய்க்குறியுடையோர் பலரில் இன்சுலின் தன் தொழிலைச் செவ்வனே செய்வதில்லை. அதனை ஈடுசெய்ய உடல் மேலும் இன்சுலினைச் சுரக்கின்றது. மிகுந்த இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண்பால் ஓமோன்களைக் கூட்டுகின்றது. அதனால் முட்டை முதிர்ந்து வெளியேறுவது தடைப்படுகின்றது. உடற்பருமன் இன்சுலின் எதிர்ப்பை வளர்க்கின்றது. இன்சுலின் எதிர்ப்பு உடற்பருமனை வளர்க்கின்றது. ஒன்றின் வாலை மற்றொன்று விழுங்கும் இரு பாம்புகளைப் போன்றது இச்சுழற்சி.

உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து தொடக்கம் பத்து வீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை வெளியேற்றம் மீளத் தொடங்கும் என்பது மருத்துவம் கண்ட உண்மை. அவ்வறிவுரை அக்காவுக்கும் வழங்கப்பட்டது. அன்று தொடங்கி, அவளது எடை குடும்பத்தின் பொதுச்சொத்தாயிற்று. அவள் தட்டில் எத்தனை இடியப்பம் விழுகின்றது என்பதை எண்ணாதவர் வீட்டில் இல்லை. மாறாக, அத்தானைப் பரிசோதிக்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழவில்லை. நான்கு ஆண்டுகள் சென்ற பின்னரே ஒரு வைத்தியர் அதனைக் கேட்டார். பிள்ளையின்மையை ஆராயும்போது முதன்முதலாகச் செய்யக்கூடிய மிக எளிய பரிசோதனை ஆணின் விந்துப் பரிசோதனையே. அதன் முடிவும் குறைவாகவே இருந்தது. ஆயினும் அம்முடிவு எழுதப்பட்ட தாள் அலுமாரியில் மடித்து வைக்கப்பட்டது. அக்காவின் எடை மட்டும் ஊர் வாயில் உலாவியது.

2018ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அக்காவின் எடை 112 கிலோகிராம். உயரம் 160 சென்ரிமீற்றர். குருதியமுக்கமும் நீரிழிவும் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. பலமுறை மெலிந்து பலமுறை பருத்துச் சோர்ந்த பின்னர், இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சைக்கு அவள் உடன்பட்டாள். தாலிக்கொடி நீங்கலான நகைகள் அடைவு கடைக்குச் சென்றன. கொழும்பிலே ஒரு வைத்தியசாலையில் அது நடைபெற்றது.

இவ்வகைச் சத்திரசிகிச்சையின் வரலாறு சுவையானது. வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்ட பெண்கள் பின்னர் மெலிந்தே இருப்பதை அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வேட் மேசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் கவனித்தார். அந்த அவதானத்தைப் பின்பற்றி, அவரும் இற்றோ என்ற வைத்தியரும் 1966ஆம் ஆண்டில் உடற்பருமனுக்காக இரைப்பைப் புறவழிச் சத்திரசிகிச்சையைத் தொடக்கினர். அக்காவுக்குச் செய்யப்பட்டது அதனினும் எளிய பிறிதொரு முறை. இரைப்பையின் ஏறத்தாழ 80 வீதத்தை நெடுக்காக வெட்டி அகற்றி, எஞ்சியதை ஒரு வாழைப்பழத்தின் அளவிலும் வடிவிலும் குழாய்போல் ஆக்கிவிடுவர். அகற்றப்படும் பகுதியிலேதான் பசியைத் தூண்டும் கிறெலின் என்ற ஓமோன் மிகுதியாகச் சுரக்கின்றது. 1999ஆம் ஆண்டில் யப்பானிய விஞ்ஞானிகளான கொஜிமா, கங்காவா ஆகியோர் கண்டுபிடித்த ஓமோன் இது. ஆகவே இச்சத்திரசிகிச்சை பாத்திரத்தைச் சிறிதாக்குவதோடு பசியின் குரலையும் தணிக்கின்றது.

எடை விரைவாகக் குறையும் காலத்திற் கருத்தரிப்பது நன்றன்று. தாயின் உடலிலே இரும்புச்சத்து, போலிக்கமிலம், விற்றமின் பி12 முதலியன குறைவுறக்கூடும். அது கருவைப் பாதிக்கும். ஆகவே பன்னிரண்டு தொடக்கம் பதினெட்டு மாதங்கள் வரை பொறுத்திருக்குமாறு கூறுவர். பிள்ளைக்காக வயிற்றை அறுத்துக்கொண்ட ஒருத்தி, அதன் பின்னர் ஒன்றரை ஆண்டு பிள்ளை வேண்டாம் என்று காத்திருப்பது எத்தகைய தவம் என்பதை அக்காலத்தில் நான் அருகிருந்து கண்டேன். 2019 டிசெம்பரில் அவளது எடை 76 கிலோ. மாதவிடாய் ஒழுங்காயிற்று. 2020 பெப்ரவரியிற் கருவுற்றாள்.

மார்ச் 20ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் அமுலாயிற்று. ஏப்பிரலில், ஒன்பதாவது வாரத்தில், அக்கரு நிலைக்காமற் போயிற்று. அனுமதிப் பத்திரத்துடன் வைத்தியசாலைக்குச் சென்று, அன்று மாலையே வீடு திரும்பினாள். கருச்சிதைவுக்கு எமது வழக்கத்திற் சடங்கில்லை, துடக்கில்லை, ஆறுதல் கூற வருவோருமில்லை. ஊரடங்கு இல்லாதிருந்தாலும் எவரும் வந்திரார். பசி அற்று, உறக்கம் அற்று, மேலும் மூன்று கிலோ மெலிந்தாள். சில மாதங்களின் பின்னர்க் கோயில் வீதியிற் கண்ட ஓர் உறவினர், "இப்பதான் பிள்ளை ஆள் வடிவா இருக்கிறாய்" என்றார். அவர் அன்போடுதான் கூறினார். மெலிவு என்றால் நலம் என்றும், பருமன் என்றால் குற்றம் என்றும் கண்ணைப் பழக்கிவிட்டோமாதலின், துக்கத்தால் உருகிய உடலையும் நாம் பாராட்டிவிடுகின்றோம்.

அதன் பின்னரே எடை மீளத் தொடங்கிற்று. 2022ஆம் ஆண்டின் இறுதியில் 94 கிலோ.

இவ்விடத்திற் சற்று நின்று, இழந்த எடை ஏன் மீள்கின்றது என்பதை நோக்குதல் வேண்டும். ஏனெனில் அக்காவின் மீது வீசப்பட்ட சொற்கள் யாவும் இவ்வினாவுக்குரிய தவறான விடையிலிருந்தே பிறந்தன. "அவ்வளவு காசைக் கொட்டி வயித்தை வெட்டியும் வாயைக் கட்டேல்லை" என்பதே ஊரின் விடை.

உடலோ வேறு விடை கூறுகின்றது. இரண்டாம் உலகப்போரின் இறுதிக் காலத்தில், 1944, 1945ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற அறிஞர் 36 ஆண் தொண்டர்களை அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். நலத்தோடும் மனவலிமையோடும் வந்த அவ்விளைஞர்கள் நாளடைவில் உணவைத் தவிர வேறொன்றையும் சிந்திக்க இயலாதவராயினர். பட்டினி முடிந்த பின்னரும் வயிறு நிறைந்தும் பசி அடங்காதிருந்தனர். 1994இல் ஜெஃப்ரி பிரீட்மன் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவினரும் லெப்ரின் என்னும் ஓமோனைக் கண்டுபிடித்தனர். கொழுப்பிழையம் சுரக்கும் இந்த ஓமோன், சேமிப்பு எவ்வளவு உண்டென்பதை மூளைக்கு அறிவிக்கின்றது. கொழுப்புக் குறையக் குறைய லெப்ரினும் குறைகின்றது. மூளை அதனைப் பஞ்சம் என்றே பொருள்கொண்டு, பசியைக் கூட்டிச் செலவைச் சுருக்குகின்றது. உணவுக் கட்டுப்பாட்டாலும் கடும் உடற்பயிற்சியாலும் பெருமளவு எடை குறைத்த பதினான்கு பேரை ஆறு ஆண்டுகளின் பின்னர் ஆராய்ந்து, கெவின் ஹோல் என்பவரும் குழுவினரும் 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களது உடல்கள் ஓய்வுநிலையிற் செலவிடும் சக்தி, அவர்தம் உடலமைப்புக்கு எதிர்பார்க்கக்கூடியதிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது. ஆறு ஆண்டுகள் கழிந்தும் உடல் பஞ்சத்தை மறக்கவில்லை.

சத்திரசிகிச்சை இப்போராட்டத்தில் ஒருவருக்குப் பெருந்துணையாக நிற்கின்றது என்பதில் ஐயமில்லை. எனினும் அது போரை முடித்துவைப்பதில்லை. முதல் ஈராண்டின் பின்னர்ச் சிறிதளவேனும் எடை மீள்வது பொதுவான நிகழ்ச்சி. குழாய்போன்ற இரைப்பை காலப்போக்கிற் சற்று நெகிழ்கின்றது. மென்மையான உணவும் இனிப்பான பானமும் அதனூடாகத் தங்குதடையின்றி வழுக்கிச் செல்கின்றன. ஒரு துண்டு மீனும் அரைக் கோப்பை பயறும் வயிற்றை நிறைத்துவிடும். சீனி போட்ட தேநீரில் நனைத்த பிஸ்கற்று எத்தனை சென்றாலும் நிறைக்காது.

அதற்கும் மேலாக, அக்காலம் எத்தகையது என்பதை வாசகர் அறிவர். 2021இல் இரண்டு முறை கருப்பையினுள் விந்து செலுத்தும் சிகிச்சை செய்து தோல்வி கண்டாள். 2022இல் நாடே பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. முட்டையும் மீனும் பால்மாவும் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கெட்டாத் தூரத்துக்குச் சென்றன. வாழ்நாள் முழுவதும் விற்றமின்களும் கல்சியமும் உட்கொள்ள வேண்டிய அக்கா, மருந்துத் தட்டுப்பாட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் அவற்றை விழுங்கினாள். மின்வெட்டு இருளில், பாணும் சம்பலும் தேநீருமே பல வீடுகளில் இரவுணவாயின. புரதமே முதன்மையாக வேண்டிய ஓர் உடலுக்கு மாவும் சீனியுமே மலிவாகக் கிடைத்தன. இதனை ஒரு பெண்ணின் வாய்க்கட்டுப்பாடு பற்றிய பிரச்சினை என்று கூறுவோர் சந்தைக்குச் சென்றறியாதவராதல் வேண்டும்.

2023இன் தொடக்கத்தில், சோதனைக்குழாய் முறைக் கருத்தரிப்புக்காக அவளும் அத்தானும் ஒரு சிகிச்சை நிலையத்தை அணுகினர். உடற்றிணிவுச் சுட்டி முப்பதுக்குக் கீழ் வந்த பின்னரே சிகிச்சை தொடங்கப்படும் என்று அங்கு கூறப்பட்டது. அக்காவின் சுட்டி அப்போது 36.7. முப்பதுக்குக் கீழ் வருவதற்கு அவள் 17 கிலோவுக்கு மேல் இழக்க வேண்டும். அவளது வயதோ 37ஐத் தொட்டிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் முட்டையின் தொகையும் தரமும் குறையும் வயது. எடை குறைவதற்குக் காலம் வேண்டும்; கருப்பேற்றுக்கோ காலம் இல்லை. எடையைக் குறைக்கும் புதிய ஊசிமருந்துகளைப் பற்றியும் விசாரித்தாள். அவற்றுட் பெயர்பெற்ற செமகுளூரைட்டைக் கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்னரே நிறுத்திவிட வேண்டும். அதன் விலையும் ஓர் ஆசிரியையின் சம்பளத்துக்கு அடங்குவதன்று.

அன்றிரவு என்னோடு தொலைபேசியிற் பேசியபோது அவள் அழவில்லை. "ரெண்டு மணிக்கூடு ஓடுது. ஒண்டு மெதுவா, மற்றது வேகமா. நான் எதைப் பார்க்கிறது?" என்றாள்.

உடற்றிணிவுச் சுட்டி என்னும் அவ்வெண்ணின் வரலாற்றையும் இங்கு கூறுதல் பொருந்தும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இக்கணிப்பு, பெல்ஜிய நாட்டவரான கெற்லே என்பவரால் 1832ஆம் ஆண்டளவில் முன்வைக்கப்பட்டது. அவர் வைத்தியரல்லர், வானியலும் புள்ளிவிபரவியலும் கற்றவர். மக்கட் கூட்டத்தின் சராசரியை அறிவதே அவர் நோக்கம். மேலே கூறிய அன்செல் கீஸே 1972இல் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். கூட்டத்தை அளக்கப் பிறந்த கோல் இது. வைத்தியர்க்குப் பயனுள்ள கருவியேயாயினும், தனியொரு பெண்ணின் வாசலில் அதனையே தாழ்ப்பாளாக இடுவது எவ்வளவு பொருந்தும் என்பது சிந்திக்கற்பாலது.

இவ்வினாவை மருத்துவ உலகமே எழுப்பியுள்ளது. நெதர்லாந்தில், உடற்பருமனும் பிள்ளையின்மையும் கொண்ட 577 பெண்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். ஒரு பிரிவினர் ஆறு மாதம் உணவையும் பழக்கவழக்கத்தையும் திருத்திய பின்னர்ச் சிகிச்சை பெற்றனர். மற்றையோர் உடனே சிகிச்சை பெற்றனர். 2016இல் வெளியான முடிவின்படி, நிறைமாதத்திற் சுகமாகப் பிறந்த குழந்தைகளின் வீதம் முதற் பிரிவில் உயரவில்லை. அப்பிரிவிற் சிகிச்சையின்றி இயல்பாகக் கருவுற்றோர் அதிகமாயிருந்தனர் என்பதும் உண்மை. எடை குறைவது வீண் என்பது இதன் கருத்தன்று. எடை குறைந்தாற் பிள்ளை நிச்சயம் என்ற வாக்குறுதியை மருத்துவத்தின் பெயரால் எவரும் வழங்க முடியாது என்பதே இதன் கருத்து.

இரண்டாவதாக அவர்கள் சந்தித்த வைத்தியர் இதனை விளங்கப்படுத்தினார். வயதைக் கருதி, ஆபத்துகளை எடுத்துக்கூறி, 94 கிலோவிலும் மயக்கமருந்து நிபுணரின் ஆலோசனையுடன் சிகிச்சை செய்யலாம் என்றார். ஆனால் நீரிழிவும் குருதியமுக்கமும் மீளத் தலைதூக்குவதால், ஓராண்டுக்குள் இயன்றளவு எடையைக் குறைப்பது அவளுக்கே நன்று என்றும் கூறினார். 'அவளுக்கே' என்ற சொல்லே அக்காவின் உள்ளத்திற் பதிந்தது. வீடு திரும்பியதும் அவள் அத்தானிடம் கூறியதை நானும் கேட்டேன்: "பிள்ளைக்காக இனி மெலியமாட்டன். எனக்காக மெலியிறன். பிள்ளை வந்தா வரட்டும். ரெண்டையும் ஒரு கணக்கில எழுத வேண்டாம்."

என் நோக்கில், இக்கதையின் திருப்பம் இதுவே. பத்தாண்டுகளாக ஒவ்வொரு கவளமும் பிறவாத பிள்ளைக்குச் செலுத்தும் வரியாக இருந்தது. எடை ஏறினாற் பிள்ளைக்குத் துரோகம். எடை இறங்கியும் பிள்ளை வராவிட்டால் இறங்கியது வீண். அத்தகைய கணக்கில் ஒருவரும் வெல்வதில்லை.

அரசாங்க வைத்தியசாலையொன்றின் போசணை ஆலோசகரிடம் மாதந்தோறும் சென்றாள். குருதியில் இரும்புச்சத்தும் பி12உம் குறைந்திருந்தமை கண்டு முதலில் அவற்றைச் சீர்செய்தனர். களைப்புத் தீர்ந்த பின்னரே நடக்கக் கால்கள் உடன்பட்டன. நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது உண்ண வேண்டும். உணவில் அதனையே முதலில் உண்ண வேண்டும். உணவோடு நீர் அருந்தலாகாது. அரைமணி நேரம் கழித்தே அருந்த வேண்டும். ஆசிரியர் ஓய்வறையின் ஐந்து கோப்பைத் தேநீர் இரண்டாயிற்று, சீனி நீங்கிற்று. சூடை மீனும் கடலையும் பயறும் அவித்த முட்டையும் முருங்கையிலையும் நாளாந்த உணவாயின. அப்பியாசக் கொப்பியொன்றிற் தான் உண்டவற்றை எழுதினாள். காலையில் முக்கால் மணி நேரம் நடந்தாள். நீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்கித் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்தாள். தராசில் மாதம் ஒருமுறை மட்டுமே ஏறினாள்.

அவ்வாண்டு கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் உண்டு நோன்பிருக்குமாறு அவளது மாமியார் கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. பேரப்பிள்ளையைக் காணும் ஏக்கத்தோடு கேட்டார். இரைப்பை குறுக்கப்பட்டவர்களுக்கு நீண்ட நோன்பு உடலிற் போசணைக் குறைவை விரைந்து உண்டாக்கக்கூடும் என்று அக்கா பொறுமையாக விளக்கினாள். மாமியாரின் முகம் வாடிற்று. அப்போது அத்தான், "அம்மா, குறை என்னிலயும் இருக்கு. விரதம் எண்டா நான் பிடிக்கிறன். அவ சாப்பிடட்டும்" என்றார். அலுமாரியில் ஆறு ஆண்டுகளாக மடிந்து கிடந்த தாள் அன்றுதான் விரிக்கப்பட்டது. அத்தான் ஆறு நாளும் நோன்பிருந்தார். அக்கா வழமைபோல் உண்டு, அவரோடு கோயிலுக்குச் சென்றுவந்தாள். மாமியார் சில நாட்கள் பேசாதிருந்தார்; பின்னர்ச் சந்தைக்குச் செல்லும்போது அக்காவுக்கென்று மீன் வாங்கிவரத் தொடங்கினார்.

2024 மேயில் எடை 83 கிலோ. பதினைந்து மாதங்களிற் பதினொரு கிலோ. அடுத்த மாதம் சோதனைக்குழாய் முறைச் சிகிச்சை தொடங்கிற்று. முளையம் ஒன்று கருப்பையில் வைக்கப்பட்டது. இரண்டு வாரங்களின் பின்னர்க் குருதிப் பரிசோதனை. முடிவு, இல்லை.

அன்று வீட்டில் எல்லோரும் ஒன்றையே அஞ்சினோம். 2020இல் நிகழ்ந்தது மீண்டும் நிகழுமோ என்று. அக்கா இரண்டு நாட்கள் அறையை விட்டு வெளிவரவில்லை. அழுதாள், நன்றாக அழுதாள். அத்தான் கதவுக்கு வெளியே நாற்காலியில் அமர்ந்திருந்தார். மூன்றாம் நாட் காலை, வழமையான நேரத்திற்குச் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் புறப்பட்டாள். அடுத்த மாதம் தராசிற் கண்ட எடை 82.6. பிள்ளைக்குரிய விலையாக அவ்வெடையை அவள் எண்ணியிருந்தால், பொருள் கிடைக்காத அன்றே விலையையும் திருப்பிக் கேட்டிருப்பாள். அவள் தன் எடையைத் தன் முழங்காலுக்கும் இதயத்துக்கும் குருதிக்கும் உரியதாக ஆக்கிவிட்டாள். ஆகவே அது அவளிடம் நிலைத்தது. இன்றும் 82க்கும் 84க்கும் இடையில் நிற்கின்றது. நீரிழிவு மருந்து தேவைப்படவில்லை. இனியொரு முறை சிகிச்சைக்குச் செல்வதா, ஒரு குழந்தையைத் தத்தெடுப்பதா, இருவராகவே வாழ்வதா என்பது அவர்கள் இருவருக்கும் உரிய தீர்மானம். அதனை நான் கேட்பதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி, வளர்ந்தோரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளிற் பிள்ளையின்மைப் பிரச்சினையை எதிர்நோக்குகின்றனர். எமது விரிவுரை மண்டபத்தில் நூறு பேர் அமர்ந்திருந்தால், அவர்களிற் பதினாறு பேர் அல்லது பதினேழு பேர் நாளை இவ்வழியைக் கடக்கக்கூடும். அவர்களுள் ஆண்களும் அடங்குவர். ஆயினும் 'மலடி' என்ற சொல் எமது பேச்சில் வழங்கும் அளவுக்கு அதன் ஆண்பால் வழங்குவதில்லை. ஒரு மொழி யாரை நோக்கிக் கல்லெறிகின்றது என்பதை அதன் நடைமுறை வழக்கே காட்டிக்கொடுத்துவிடுகின்றது.

சென்ற தைமாதம் எங்கள் ஒன்றுவிட்ட சகோதரியின் பிள்ளைக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டினர். குழந்தையின் தலைக்கு மேல் வெள்ளைத்துணி பிடித்து, கொழுக்கட்டை சொரிவதற்குப் பெண்களை அழைத்தபோது, வழமைபோல் அக்காவைத் தவிர்த்து அடுத்தவரின் பெயரைக் கூறினர். அக்காவின் மாமியார் எழுந்து, "என்ர மருமகளும் கொட்டட்டும்" என்றார். எவரும் மறுக்கவில்லை. கொழுக்கட்டைகள் உருண்டு விழ, குழந்தை சிரித்தது. பெரிய புரட்சி எதுவும் அங்கு நிகழ்ந்துவிடவில்லை. ஒரு பெண்ணுக்கு அவளுக்குரிய இடத்தை விட்டுக்கொடுக்க ஒரு சொல் போதுமாயிருந்தது.

பட்டம் பெற்று நாம் நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் இந்நாட்டின் வீடுகளுக்குள்ளும் பாடசாலைகளுக்குள்ளும் செல்லவிருக்கின்றோம். அங்கே பருத்தும் மெலிந்தும் மீண்டும் பருத்தும் வரும் பெண்களைக் காண்போம். அவர்களது உடலில் என்ன போர் நடைபெறுகின்றது என்பதை எமது கண் அறியாது. அவர்களிடம் எடையைப் பற்றிப் பேசாதிருப்போம். விசேஷத்தைப் பற்றிக் கேளாதிருப்போம். சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்போம். பசித்தவருக்கு அதுவே போதிய உபசாரம்.